கோழிமுட்டைக் கணக்கு பாம்பிடம் செல்லாது

ஆடியில் புற்றுக் கோயிலுக்குப் போனால், மஞ்சள் பூசிய புற்றின் வாயருகே பாலோடு கோழிமுட்டையும் இருக்கும். யாரோ வேண்டிக்கொண்டு வைத்தது. அந்தப் புற்றுக்குள் நல்ல பாம்பு ஒன்று உண்மையிலேயே முட்டையிட்டிருந்தால், உள்ளே இருக்கும் முட்டைக்கும் வாசலில் இருக்கும் முட்டைக்கும் பெயரைத் தவிரப் பெரிய ஒற்றுமை கிடையாது. பாம்பு முட்டையின் ஓடு தட்டினால் 'டக்'கென்று உடையாது. பழைய தோல் பர்ஸை அழுத்திப் பார்த்தது போல மெத்தென்று உள்வாங்கும். நீளவாக்கில் இருக்கும். மலைப்பாம்பு போன்ற இனங்களில் ஒன்றோடொன்று பசை வைத்தது போல ஒட்டி, ஒரே குவியலாகக் கிடக்கும்.

முட்டை பொரிப்பது பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கோழியிடம் கற்றது. அகலக் கூடையில் உமியோ வைக்கோலோ பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை எண்ணி வைத்து, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத் துண்டையும் கரியையும் போட்டு, அடைக்கோழியைத் தூக்கி உட்கார வைத்தால் இருபத்தோராம் நாள் குஞ்சு. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். இந்த அனுபவத்தோடு பாம்பு முட்டையைக் கையில் எடுப்பவர் அக்கறையாகச் செய்கிற காரியங்களே அதைக் கொல்லப் போதும். அடைப்பில் வளரும் பாம்புகளின் முட்டையைப் பொரிக்க வைக்கும் கலை என்பது பெரும்பாலும் கோழிப்பாடத்தை மறக்கும் கலைதான்.

அடைப்பில் என்று சொன்னது இரண்டு உலகங்களை. ஒன்று, உயிரியல் பூங்காக்களும் பாம்புப் பண்ணைகளும். 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணை, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1976இல் எழுந்த முதலைப் பண்ணை, மங்களூரு அருகே ராஜநாகங்களுக்குப் பெயர்பெற்ற பிலிகுளா பூங்கா எல்லாம் இதில் வரும். மற்றொன்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு அறைகளில் அடுக்கடுக்காகப் பெட்டி வைத்துப் பாம்பு வளர்ப்பவர்களின் உலகம். அங்கே ராஜா இரண்டு பேர்: மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பந்து மலைப்பாம்பு, அமெரிக்காவின் சோளப்பாம்பு. முட்டை பற்றிய நடைமுறை அறிவில் பெரும்பங்கு, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், ஆய்வகங்களைவிட இந்த வீட்டு அறைகளில்தான் சேர்ந்தது. ஒரே இனத்தை ஆண்டுக்கு நூறு முட்டை என்ற கணக்கில் பொரிக்க வைக்கும்போது தவறு எங்கே நடக்கிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்தில் கிடைத்த முட்டையை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் அவை முட்டையிட்ட இடத்தைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முட்டை கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று: "விரியன் முட்டை கிடக்கிறது" என்று அழைப்பு வந்தால் அது விரியனுடையதாக இருக்காது. கண்ணாடி விரியனும் நம் சுருட்டை விரியனும் குட்டி போடும் இனங்கள். மண்ணுளியும் அப்படித்தான். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் வேறு குடும்பம், அது முட்டையிடும்.

சரி, உருட்டலுக்கு வருவோம்.

அடைக்கோழி ஒரு நாளில் பல முறை அலகால் முட்டையைப் புரட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் கோழிப்பண்ணை இன்குபேட்டர்களில் முட்டைத் தட்டு தானே சாய்ந்து நிமிரும்படி செய்திருக்கிறார்கள். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கோழிக்காரர் பயம். பாம்பு முட்டையில் ஒட்டிக்கொள்வதுதான் இயல்பு. ஆம்லெட்டுக்கு முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இரு பக்கமும் வெள்ளையாக, முறுக்கிய நூல் மாதிரி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கருவை நடுவில் நிறுத்தி வைக்கும் ஊஞ்சல் கயிறு அது. முட்டை எப்படிப் புரண்டாலும் கரு மேலே வந்து நிற்க அது உதவுகிறது. பாம்பு முட்டையில் அந்தக் கயிறு இல்லை. வெள்ளைக் கருவும் மிகக் குறைவு. முட்டை வெளியே வரும்போதே கரு தாயின் வயிற்றுக்குள் தன் வளர்ச்சியில் கால் பங்குக்கு மேல் முடித்திருக்கும். வந்து ஓரிரு நாளுக்குள் அதன் இரத்தக் குழாய்கள் மேல்பக்க ஓட்டின் உட்புறம் பரவி ஒட்டத் தொடங்கிவிடும். அந்த ஓடு வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. அந்த நேரத்தில் முட்டையைத் தலைகீழாக்கினால் மஞ்சள் கருவின் முழுப் பாரமும் குட்டிக்கரு மேல் இறங்கும், ஒட்டிய சவ்வு கிழியவும் வாய்ப்புண்டு. புரண்ட முட்டை எல்லாமே சாகும் என்றில்லை. தாங்கிப் பிழைத்தவையும் உண்டு. ஆனால் ஒரு பென்சில் கோட்டில் முடிகிற காரியத்துக்கு யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.

பென்சில் கோடு என்றது உண்மையிலேயே அதைத்தான். முட்டையைக் கண்ட உடனே, அதை நகர்த்தும் முன்பே, மேல்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். பிறகு அந்தக் குறி கடைசி நாள் வரை வானம் பார்த்தபடியே இருக்க வேண்டும். ஒட்டிய குவியலைப் பிரிக்க முயல்வதும் அப்படித்தான். இட்ட சில மணி நேரத்துக்குள் ஈரப்பசை காயும் முன் மெதுவாகப் பிரித்தால் பிரியும். அதற்குப் பின் இழுத்தால் ஓடு கிழியும். குவியலாகவே தூக்கிப் பெட்டியில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்த இடறல் தண்ணீர். கோழிமுட்டை அடைக்காலத்தில் எடை குறைந்துகொண்டே வரும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி, மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகும். பொரிக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை அந்த அறையிலிருந்துதான் இழுக்கிறது. பாம்பு முட்டையில் காற்றறையே கிடையாது. போகப்போக அது சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், எடை கூடும். இட்ட அன்று சற்றுத் தளர்ந்திருந்த முட்டை இரண்டு வாரத்தில் பலூன் மாதிரி விறைத்து நிற்பதைப் பார்க்கலாம். ஈரம் போதாவிட்டால் ஓட்டில் குழி விழும். ஈரம் அதிகமாகி ஓட்டின் மேல் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான வரப்பு. அதன் மேல் இரண்டு மாதம் நடக்க வேண்டும்.

இதற்கு வளர்ப்பவர்கள் நம்புவது வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும். மாடித்தோட்டம் போடுபவர்கள் நாற்றங்காலுக்கு வாங்கும், ஈரம் பிடித்து வைக்கும் அதே கனிமத் துகள்கள்தான். வெர்மிகுலைட்டையும் தண்ணீரையும் எடைக்கு எடை சமமாகக் கலப்பது பரவலான கணக்கு. ஆனால் பழகிய கைக்குத் தராசு தேவைப்படுவதில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டை போல உருவம் நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஒரு சொட்டுகூடச் சொட்டக் கூடாது. சொட்டினால் காய்ந்தது இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்தப் படுக்கையில் முட்டை பாதி புதைந்து, பாதி வெளியே தெரியும்படி வைப்பார்கள். சிலர் படுக்கையே வேண்டாம் என்று, கீழே ஈரப் பெர்லைட்டோ தண்ணீரோ வைத்து அதன் மேல் பிளாஸ்டிக் சல்லடைத் தட்டைப் போட்டு முட்டையை அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். காற்று முழுக்க ஈரப்பதம், முட்டையைத் தண்ணீர் தொடுவதில்லை. இரண்டு முறையிலும் மூடிதான் வில்லன். உள்ளே ஆவியான நீர் மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, நேராக முட்டையின் மேல் சொட்டும். சோற்றுப் பானை மூடியைப் போல ஒரு பக்கம் சாய்வாக வைத்துவிட்டால் சொட்டு ஓரமாக வழிந்துவிடும். இவ்வளவு சுலபமான வழியைக் கண்டுபிடிக்கும் முன் எத்தனை முட்டைகள் அழுகினவோ.

வெப்பம் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எண் எல்லாருக்கும் தெரியும்: மலைப்பாம்பு வகைகளுக்கு 31, 32 டிகிரி செல்சியஸ், சோளப்பாம்புக்கு 27, 28. பந்து மலைப்பாம்பு முட்டை அந்தச் சூட்டில் 55 முதல் 60 நாளில் பொரிக்கும். சூடு குறைந்தால் நாள் நீளும். மிகவும் குறைந்தால் முதுகெலும்பு கோணலாகி, செதில் வரிசை குலைந்த குட்டிகள் வரும். கூடினால் நாள் குறையும், அதே கோணல்கள் வேறு வழியாக வந்து சேரும். 35ஐத் தாண்டிச் சில மணி நேரம் போனாலே மலைப்பாம்பு முட்டைக்கு ஆபத்து. இந்த எண்களைவிட முக்கியம், பெட்டிக்குள் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது. தெர்மோஸ்டாட்டின் உணர்வு முனை இன்குபேட்டரின் மூலையில் தொங்க, முட்டைப் பெட்டிக்குள் இரண்டு டிகிரி கூடுதலாக இருப்பது சர்வ சாதாரணம். வளரும் முட்டைகளே கடைசி வாரங்களில் சற்று வெப்பம் வெளியிடும். ஆகவே இரண்டாவது வெப்பமானி ஒன்று முட்டைகளுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். சென்னைக்கு அது பாதிப் பாடம். நம் மலைப்பாம்பு முட்டையிடும் காலம் சரியாகக் கோடை. கத்திரி வெயிலில் அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது, சூடாக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டர் கைகட்டி நிற்கும். இங்கே தேவை குளிர்விக்கவும் தெரிந்த பெட்டி, இல்லாவிட்டால் ஏ.சி. அறைக்குள் வைத்த சூடாக்கும் பெட்டி. அதோடு மின்வெட்டு. மீன் வரும் தடித்த தெர்மாகோல் பெட்டிக்குள் முட்டைப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி வைத்தால், கரண்ட் போனாலும் பல மணி நேரம் சூடு ஏறவும் விடாது இறங்கவும் விடாது. தண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு. மண்பானை வைத்த வீட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எறும்பையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஐரோப்பியக் குறிப்பிலும் அதிகம் பேசப்படாத, நம் ஊரில் முதலில் கவனிக்க வேண்டிய எதிரி அது. முட்டை பொரிக்கும் நேரத்தில் வழியும் திரவத்தின் வாசனைக்கு ஒரே இரவில் சாரை கட்டி வந்துவிடும். முட்டையைக் கிழித்துத் தலை நீட்டிய குட்டி ஓடவும் முடியாது. பழைய சமையலறைகளில் பலகாரம் வைத்த அலமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே ஏற்பாடு இன்குபேட்டர் மேசைக்கும் போதும்.

இத்தனை கருவியும் இல்லாமல் தாய் எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்விக்கு மலைப்பாம்பு தரும் பதில் விலங்கியலில் ஒரு தனி அத்தியாயம். பாம்பு குளிர் இரத்தப் பிராணி, அதனால் அடைகாத்துச் சூடு தர முடியாது என்பது பொதுக் கருத்து. 1841இல் பாரிஸ் தாவரவியல் தோட்டத்து விலங்கு அறையில் முட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மலைப்பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை அளந்து வாலென்சியென் என்ற விலங்கியலாளர் அறிவித்தார். நம்பாதவர்கள் இருந்தார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டு கழித்து, 1966இல், நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவின் பர்மிய மலைப்பாம்பை மூடிய அறையில் வைத்து, அதன் உடல் சூட்டையும் அது இழுக்கும் ஆக்சிஜனையும் அளந்தார்கள். சுற்றுப்புறம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் தாயின் தசைகள் விட்டு விட்டுத் துடித்தன, விக்கல் எடுப்பது போல. துடிப்பு கூடக் கூட ஆக்சிஜன் செலவும் உடல் சூடும் கூடின. நாம் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்வதன் அதே வழி. முட்டைகளைக் கூம்பு மாதிரி சுற்றி, மேலே தலையை வைத்து, இரண்டு மாதம் இரை தொடாமல் அது நடுங்கிக்கொண்டிருக்கிறது. பந்து மலைப்பாம்பும் சுற்றிப் படுக்கும். ஆனால் அதன் சுற்றலின் பெரிய பயன் சூட்டைவிட ஈரத்தைக் காப்பது. அதன் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ராஜநாகம் வேறு தினுசு. பாம்புகளில் கூடு கட்டுவது அது ஒன்றுதான். மூங்கில் இலைகளையும் சருகுகளையும் உடலால் வளைத்து இழுத்துக் குவித்து, நடுவில் முட்டையிட்டு, மேலே மறுபடி குவித்து மூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழைக்கு முன் கட்டிய கூட்டின் மேல் அடைமழை கொட்டினாலும் உள்ளே முட்டை நனையாதபடி சருகு கூரை போலப் படிந்திருக்கும். கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டு ஆய்வு நிலையத்தினர் காட்டிலேயே இந்தக் கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள். (அந்த மலைத்தொடரின் ராஜநாகம் 2024இல் 'காளிங்கா' என்று தனி இனமாகவே பிரிக்கப்பட்டது, தமிழ்க் காதுக்கு அறிமுகமான பெயர்.) பூங்காவில் ராஜநாகத்தை முட்டையிட வைக்க வேண்டுமானால் இந்த ஒரு விஷயத்தைத் தந்தாக வேண்டும்: கூடை கூடையாகச் சருகு.

அப்படியானால் தாயிடமே விட்டுவிடலாமே? விடலாம், சிலர் விடுகிறார்கள். எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தாயின் உடல்நிலை. இரண்டு மாதப் பட்டினியில் எடை இழந்த மலைப்பாம்பு அடுத்த ஆண்டு முட்டையிடாமல் போகலாம். முட்டையை எடுத்துவிட்டு, தாயின் உடம்பில் ஒட்டிய முட்டை வாசனை போக வெதுவெதுப்பான நீரில் கழுவி, பெட்டியையும் கழுவிவிட்டால் சில நாளில் இரை எடுக்கத் தொடங்கும். கழுவாவிட்டால் வெறும் தரையைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும். பார்க்கச் சங்கடமான காட்சி.

கூமுட்டை விஷயத்தில் அவசரம் கூடாது. வளமான முட்டை வெள்ளையாக, உருண்டு திரண்டு இருக்கும். கூமுட்டை சிறியதாக, மஞ்சள் பாரித்து, மெழுகு போலத் தோன்றும். ஆனால் கண் ஏமாற்றும். இருட்டறையில் முட்டையின் பக்கவாட்டில் சிறிய டார்ச்சை ஒட்டிப் பிடித்தால்தான் உண்மை தெரியும். நல்ல முட்டை உள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒளிரும். மேல்பக்கம் ஆலிலை நரம்பு மாதிரி சிவப்புக் கோடுகள் கிளை விட்டு ஓடும். மூன்று நான்கு வாரம் போன முட்டையில் நரம்புகளுக்கு நடுவே ஒரு கருநிழல் மெல்ல அசையும். முதல் முறை பார்ப்பவர்கள் டார்ச்சை அணைக்க மறந்துவிடுவார்கள், அந்தச் சூடும் முட்டைக்கு ஆகாது. கூமுட்டை வெறும் மஞ்சள் மண்டலமாக இருக்கும். சந்தேகம் வந்தால் வைத்துவிட வேண்டும், எறிய வேண்டாம். அழுகும் முட்டை தானே வாடிச் சொல்லிவிடும். பூசணம் பிடித்ததாலேயே ஒரு முட்டை செத்தது என்று அர்த்தமில்லை. செத்த முட்டையில் பூசணம் பிடிக்கும் என்பதுதான் சரியான வரிசை. பக்கத்து முட்டையின் பூசணம் படர்ந்தும் சிரித்தபடி பொரித்த முட்டைகள் நிறைய.

"ஆண் பாம்பே சேரவில்லை, கூமுட்டைதான்" என்ற முடிவும் ஆபத்தானது. அமெரிக்காவின் லூயிவில் உயிரியல் பூங்காவில் ஆண் துணை இல்லாமல் இருந்த 'தெல்மா' என்ற வலைவடிவ மலைப்பாம்பு 2012இல் 61 முட்டை இட்டது. யாரும் அவற்றைக் குப்பையில் போடவில்லை. ஆறு பெண் குட்டிகள் வந்தன. மரபணுச் சோதனையில் தந்தையே இல்லை என்று உறுதியானது.

சூட்டால் ஆணா பெண்ணா என்பது மாறுமா என்று முதலைப் பண்ணையைப் பார்த்தவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வடநெம்மேலியில் நன்னீர் முதலை முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தபோது, 31 டிகிரி வரை எல்லாம் பெண்ணாகவும் 32.5இல் எல்லாம் ஆணாகவும் வந்தன. ஒன்றரை டிகிரியில் ஊரே மாறிவிட்டது. பாம்புகளில் அது கிடையாது. ஆண், பெண் என்பதைக் குரோமோசோமே தீர்மானித்துவிடும். சூடு தவறினால் பாம்புக் குட்டியின் முதுகுதான் கோணும்.

இனி கடைசி வாரம். அதுவரை விறைத்திருந்த முட்டையில் குழி விழத் தொடங்கும். முதல் மாதத்தில் குழி விழுந்தால் ஈரக்குறைவு, கடைசி இரண்டு வாரத்தில் விழுந்தால் நல்ல சகுனம். உள்ளே குட்டி மீதித் திரவத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் தேவை ஏறும். வாரம் ஒரு முறை திறந்து காற்று மாற்றிய பெட்டியை இப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது திறக்க வேண்டும். பிறகு ஒரு காலை, முட்டையின் மேல் பிளேடால் கீறியது போல ஒரு கோடு. கோழிக்குஞ்சு அலகு நுனியின் கொம்பு முளையால் கொத்தி ஓட்டை உடைக்கும். பாம்புக்குட்டிக்கு மேல்தாடையின் முன்னால் நீட்டிய ஒரு நிஜப் பல் உண்டு, அதைக்கொண்டு ஓட்டை அறுக்கும். ஒன்றுக்கு மூன்று கீறல்கூட இருக்கும். ஒன்றின் வழியே மூக்கு நுனி எட்டிப் பார்த்து, ஒரு குமிழி விட்டு, நம் நிழல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்த ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், ஒன்றுமே நடக்காது. தலை மட்டும் வெளியே, உடம்பு உள்ளே. கோழி வளர்த்த கை இங்கேதான் துறுதுறுக்கும். ஓட்டில் மாட்டிக்கொண்ட குஞ்சுக்கு விரலால் சில்லு சில்லாக ஓடு பெயர்த்து உதவிய பழக்கம் நமக்கு உண்டு. பாம்புக்குட்டி மாட்டிக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் மீதி மஞ்சள் கருவை இழுத்து முடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் இழுத்து வெளியே போட்டால் மஞ்சள் கருப் பையோடு வரும். பை காய்ந்தாலோ கிழிந்தாலோ குட்டி பிழைப்பது கஷ்டம். அப்படி வந்துவிட்டால் ஈரமான மென்தாளில், தனிப் பெட்டியில், இருட்டில் விட்டுவிட வேண்டும், பையைத் தொடாமல்.

வளர்ப்பாளர்கள் நடுவே தீராத வழக்கு ஒன்று உண்டு: முதல் முட்டை கீறியதும் மற்ற முட்டைகளைக் கத்தரியால் வெட்டித் திறக்கலாமா? வெட்டுபவர்கள் சொல்வது, வெளியேற முடியாமல் உள்ளேயே மூச்சடைத்துச் செத்த முழுவளர்ச்சிக் குட்டிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது. அது நடப்பதுதான், மறுக்க முடியாது. வெட்டாதவர்கள் சொல்வது, கத்தரி முனை ஒரு இரத்தக் குழாயைத் தொட்டால் அந்தக் குட்டியை வெட்டியவரே கொன்றார் என்பது. திறந்த முட்டை காய்வதும் கிருமி நுழைவதும் கூடுதல். என் கணிப்பு, இந்த அவசரத்தில் பாதி வியாபார ஆவல். பந்து மலைப்பாம்பில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு விலை. உள்ளே எந்த நிறம் என்று இரண்டு நாள் பொறுக்க முடிவதில்லை. கூட்டாளி முட்டைகள் பொரித்து இரண்டு நாள் ஆகியும் ஒன்று மட்டும் அசையாமல் கிடந்தால், மேல்பக்கம் நரம்பு இல்லாத இடத்தை டார்ச்சில் பார்த்து, ஒரு சிறு கீறல் போட்டு, குட்டி தானே வர விடுவதில் தவறில்லை. அதற்கு முன் கத்தரி மேசைக்குள்ளேயே இருக்கட்டும். நல்ல பாம்பு, ராஜநாகம் என்றால் இந்தப் பேச்சே வேறு: கீறல் வழியே எட்டிப் பார்க்கும் அந்தக் குட்டிக்குப் பல்லும் விஷமும் ஏற்கனவே தயார்.

தலையிடாமல் காத்திருப்பதில் பெரிய மனது காட்டியவர்கள் பாம்புக்காரர்களே அல்ல. 2022இல் கேரளத்தின் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தும் பணியில் தோண்டியபோது, வளைக்குள் முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்த மலைப்பாம்பு ஒன்று தென்பட்டது. ஒப்பந்தம் எடுத்திருந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பகுதியில் வேலையை 54 நாள் நிறுத்தி வைத்தது. பொரிக்கும் வேளை நெருங்கியதும் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாக வைத்தார்கள். 24 குட்டிகள் வந்தன. புல்டோசர் நின்ற 54 நாளும் அங்கே இன்குபேட்டராக வேலை பார்த்தது தாய்தான்.

பொரித்த குட்டிக்கு உடனே இரை வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. தொப்புள் தழும்பு மூடி, ஒரு வாரம் பத்து நாளில் முதல் சட்டை உரித்த பிறகே வாய் திறக்கும். அறுத்த பல் அதற்குள் விழுந்திருக்கும். குட்டிகளைப் பெட்டி மாற்றிய கையோடு அனுபவசாலிகள் இன்னொரு வேலை செய்வார்கள். பொரிக்காமல் மீந்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கருவே இல்லையென்றால் கூடியதில் கோளாறு. விரல் நகம் அளவில் நின்ற கரு என்றால் முதல் வாரங்களில் சூடு எகிறியதோ, முட்டை புரண்டதோ. செதிலும் நிறமும் வந்து சுருண்டு கிடக்கும் முழுக்குட்டி என்றால் கடைசி நாட்களின் ஈரமும் காற்றும். வைத்த தேதி, அன்றன்றைய சூடு, கரண்ட் போன நேரம் எல்லாம் எழுதிய நோட்டில் அதற்கு நேரே அதையும் குறித்துவிட்டு, வெர்மிகுலைட்டைத் தொட்டிச் செடிக்குக் கொட்டுவார்கள்.